மதுரைச் சுல்தான்களின் செப்புக் காசுகள்: சில வரலாற்றுச் சிந்தனைகள்

தமிழகத்தில் முஸ்லிம் ஆட்சி என்றவுடன் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஆர்க்காட்டு நவாபுகளின் காலமேயாகும். அதற்கு மூன்றரை நூற்றாண்டுகள் முன்னதாகவே மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஒரு சுல்தானியம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலவியதென்பதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கூறிக் கடந்துவிடுகின்றன. தில்லிச் சுல்தான்களுக்குப் பரனீயும் அஃபீஃபும் இருந்தனர். பாமனி அரசின் தொடக்கத்தை இஸாமீ பாடி வைத்தார். மதுரைச் சுல்தான்களுக்கோ தமக்கென ஒரு வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவையெல்லாம் பிறர் எழுதியவை: மொராக்கோவிலிருந்து வந்த பயணி ஒருவரின் நினைவுக் குறிப்பு, தில்லி வரலாறுகளில் ஆங்காங்கே காணப்படும் செய்திகள், அவர்களை வென்ற விசயநகர இளவரசனின் மனைவி இயற்றிய வடமொழிக் காவியம், திருவரங்கக் கோயில் வரலாறு ஆகியவை. இவற்றுள் எதுவும் அச்சுல்தான்களின் குரலன்று.

அவர்களுடைய சொந்தக் குரல் எஞ்சியிருப்பது காசுகளில்தான். பொன்னும் வெள்ளியும் அரிதாகவே கிடைக்கின்றன. கிடைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை செம்பும், வெள்ளி சிறிதளவு கலந்த செம்புமே. சில கிராம் எடையுள்ள இச்சிறு வட்டத் துண்டுகள் நமக்கு என்ன சொல்கின்றன, என்ன சொல்ல மறுக்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மஅபர் நாடு

அரபு வணிகர்கள் சோழமண்டலக் கரையையும் பாண்டி நாட்டையும் ‘மஅபர்’ என்றழைத்தனர். ‘கடந்து செல்லும் துறை’ என்பது அச்சொல்லின் பொருள். தில்லிப் படைகள் தெற்கே வருவதற்கு நெடுங்காலம் முன்பே முஸ்லிம்கள் இங்கு வாழ்ந்தனர். காயல்பட்டினம் முதலிய துறைகளில் வணிகம் செய்த அவர்கள் பாண்டியர் அவையிலும் உயர் நிலையில் இருந்தனர். தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராக விளங்கியதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பதிவு செய்துள்ளார். கீஷ் தீவின் அதிபதியான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப உடன்பாடு இருந்ததென்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் அவர் கூறுகிறார்.

1311இல் மாலிக் காபூரின் படை பாண்டி நாட்டினுள் நுழைந்தபோது, பாண்டியர் படையில் பணிபுரிந்த முஸ்லிம்களை அது எதிர்கொண்டது. அவர்கள் கலிமாச் சொல்லத் தெரிந்தவர்களாதலின் உயிர் தப்பினர் என அமீர் குஸ்ரோ எழுதுகிறார். இந்த முஸ்லிம்களைப் பாதி இந்துக்கள் என்று அவர் இகழ்ச்சியாகக் குறித்திருப்பதும் நோக்கத்தக்கது. வடக்கிலிருந்து வந்த துருக்கியப் படைத்தலைவர்களும் தமிழகக் கரையில் வேரூன்றிய முஸ்லிம் சமுதாயமும் இருவேறு மரபினர் என்பதை இக்குறிப்பு ஒன்றே காட்டிவிடும். காசுகளை ஆராய்கையில் இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

1323இல் உலூக் கான் மேற்கொண்ட படையெடுப்புக்குப் பின் மஅபர் தில்லியின் ஒரு மாநிலமாயிற்று. அந்த உலூக் கானே பின்னர் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் அரியணை ஏறினார். அவர் மஅபருக்கு நியமித்த அதிகாரிகளுள் ஒருவர்தாம் ஸையித் ஜலாலுத்தீன் அஹ்ஸன்.

தில்லி கற்பித்த பாடம்

மதுரைக் காசுகளின் பின்னணியை அறிய, அவற்றுக்குச் சில ஆண்டுகளே முன்னதாகத் தில்லியில் நடந்த புகழ்பெற்ற சோதனையை நினைவுகூர்தல் வேண்டும். 1329-30 அளவில் முகம்மது பின் துக்ளக் செம்பிலும் பித்தளையிலும் அடையாள நாணயங்களை வெளியிட்டு, அவை வெள்ளித் தங்காவுக்குச் சமமாகச் செல்லும் என ஆணையிட்டார். சுல்தானுக்குக் கீழ்ப்படிந்தவர் ரஹ்மானுக்குக் கீழ்ப்படிந்தவராவார் என்னும் பொருளுடைய வாசகம் அவற்றில் பொறிக்கப்பட்டது. காசின் மதிப்பை உலோகம் தரவில்லை. கீழ்ப்படிதலைக் கோரும் ஆணையே தந்தது.

விளைவு அனைவரும் அறிந்ததே. செம்பு எவர் வீட்டிலும் கிடைக்கும் பொருள். அச்சுச் செதுக்கத் தெரிந்த எவரும் தங்கா அடிக்கலாயினர். வீடுதோறும் அக்கசாலை முளைத்ததாகப் பரனீ வெகுண்டு எழுதுகிறார். வணிகர்கள் அடையாளக் காசை வாங்க மறுத்தனர். இறுதியில் சுல்தான் தம் ஆணையைத் திரும்பப் பெற்று, செம்பைக் கொண்டுவந்தோர்க்குக் கருவூலத்திலிருந்து வெள்ளி கொடுத்தார். துக்ளகாபாதில் செப்புக் காசுகள் குன்றுபோல் குவிந்து கிடந்தன.

இது பொருளாதாரச் சிக்கலாக மட்டும் இருக்கவில்லை. செப்புக் காசாகிய ‘ஃபுலூஸ்’ பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் முன்னரே விரிவாக விவாதித்துள்ளனர். பொன்னும் வெள்ளியும் இயல்பிலேயே விலைப்பொருள்கள்; செம்போ மக்கள் வழக்கத்தால் மட்டுமே விலைப்பொருளாகிறது என்பது அவ்விவாதத்தின் அடிப்படை. குறிப்பிட்ட ஒரு ஃபல்ஸைக் குறிப்பிட்ட இரண்டு ஃபல்ஸுக்கு மாற்றுவதை இமாம் அபூஹனீஃபாவும் அபூயூசுஃபும் அனுமதித்தனர். இமாம் முகம்மது அஷ்ஷைபானீ மறுத்தார். ஃபுலூஸ் செலாவணியில் இருப்பினும் அது பொன் வெள்ளியின் சட்டநிலையை அடையாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. தில்லிச் சோதனைக்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பின் எகிப்தில் அல்மக்ரீஸீ, அளவின்றிப் பெருகிய செப்பு ஃபுலூஸே நாட்டின் விலையேற்றத்துக்கும் வறுமைக்கும் காரணங்களுள் ஒன்றெனத் தனி நூலே எழுதினார். செப்புக் காசு ஆள்வோருக்கும் மக்களுக்கும் இடையிலான நம்பிக்கையை அளக்கும் கருவியாக இருந்தது என்பதையே இவையனைத்தும் உணர்த்துகின்றன.

அஹ்ஸன் ஷாவின் அறிவிப்பு

1333க்கும் 1335க்கும் இடைப்பட்ட காலத்தில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் தில்லியின் மேலாட்சியை உதறித் தம்மைச் சுல்தானாக அறிவித்துக்கொண்டார். அவரை அடக்க முகம்மது பின் துக்ளக் நேரே புறப்பட்டு வந்தார். எனினும் தெலங்கானத்தில் படையினரிடையே கொள்ளைநோய் பரவியதால் மஅபரை எட்டாமலே திரும்பினார். தில்லி மீண்டும் மஅபரைக் கைப்பற்றவேயில்லை.

இஸ்லாமிய அரசியல் மரபில் இறைமைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, வெள்ளிக்கிழமை குத்பாவில் அரசர் பெயரை ஓதுதல். மற்றொன்று சிக்கா, அதாவது காசில் பெயர் பொறித்தல். குத்பா காற்றோடு கலந்துவிடும். காசோ மண்ணில் புதைந்தும் ஆற்று மணலில் கிடந்தும் நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வருகிறது.

அஹ்ஸன் ஷாவின் காசுகள் தில்லி மரபையே பின்பற்றுகின்றன. உருவங்கள் ஏதுமின்றி, ஒரு பக்கம் பட்டமும் மறுபக்கம் பெயரும் அரபு எழுத்தில் அமைந்துள்ளன. ஆயினும் அவருடைய காசு வகைகளுள் ஒன்றிலுள்ள வாசகம் தனித்துவம் வாய்ந்தது. அதன் ஒரு பக்கத்தில் ‘அருளாளனின் துணையில் நம்பிக்கை கொண்ட அஹ்ஸன் ஷா அஸ்ஸுல்தான்’ என்றிருக்கிறது. மறுபக்கத்தில் ‘ஸுலாலத்து தாஹா வ யாசீன், அபுல் ஃபுகராயி வல் மஸாகீன், ஜலாலுத் துன்யா வத்தீன்’ என்னும் மூன்று தொடர்கள் உள்ளன. தாஹா, யாசீன் ஆகியன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறிக்கும் பெயர்களாகக் கொள்ளப்படுவதை நாம் அறிவோம். எனவே ‘தாஹா யாசீனின் வழித்தோன்றல், ஏழைகளுக்கும் வறியோர்க்கும் தந்தை, உலகுக்கும் மார்க்கத்துக்கும் பெருமை’ என்பது இதன் பொருள். யாசீன், மஸாகீன், தீன் என ஒலி இயைந்துவரும் இந்த அமைப்பு, ஏட்டுக் கல்வியுடைய ஒருவர் அவ்வாசகத்தை யாத்திருக்கவேண்டும் என எண்ணச் செய்கிறது.

இவ்வாசகத்தின் அரசியலை நாம் கவனிக்கவேண்டும். தில்லிச் சுல்தானிடமிருந்து பிரிந்தவருக்கு ஆட்சியுரிமை எங்கிருந்து வந்தது என்ற வினா எழும். அரச மரபைக் காட்ட அஹ்ஸனிடம் ஏதுமில்லை. ஆதலால் நபிவழிக் குருதியையும் ஏழைப் பங்காளன் என்ற பெயரையும் அவர் முன்வைத்தார். அவருடைய மருமகனும் பயணியுமான இப்னு பதூதா அவரை ‘ஷரீஃப்’ ஜலாலுத்தீன் என்றே குறிப்பதும் காசின் கூற்றோடு ஒத்துப்போகிறது. அவர் ஏழைகளுக்கு உண்மையிலேயே தந்தையாக இருந்தாரா என்பதைக் காசு மெய்ப்பிக்க இயலாது. ஓர் ஆட்சியாளர் எவ்வாறு அறியப்பட விரும்பினார் என்பதையே காசு சொல்லும்.

ஹிஜ்ரி 740: ஓராண்டில் மூன்று ஆட்சிகள்

இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபர் நோக்கி வந்தபோது கப்பல் சேதமடைந்து கரையேறினார். அப்போது மதுரையில் ஆட்சி செய்தவர் கியாதுத்தீன் தாம்கானீ. அஹ்ஸனின் மற்றொரு மகளை மணந்த வகையில் அவர் பயணிக்கு உறவினர். ஆகவே அரண்மனைச் செய்திகளை அருகிருந்து அறியும் வாய்ப்பு இப்னு பதூதாவுக்குக் கிட்டியது. அவர் கூறும் வரிசை இது: அஹ்ஸன் ஐந்தாண்டுகள் ஆண்டு, தம் அமீர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் உதௌஜி ஓராண்டளவில் போர்க்களத்தில் தலைக்கவசத்தை அகற்றிய வேளையில் அம்பு பட்டு மாண்டார். அவருடைய மருமகன் குத்புத்தீன் நாற்பது நாட்களில் கொல்லப்பட்டார். பின்னர் கியாதுத்தீன் அரியணை ஏறினார்.

இப்னு பதூதா தம் பயண நூலை 1355இல் ஃபெஸ் நகரில் நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்தார். மஅபரை விட்டுச் சென்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இவ்வரசர்களின் ஆண்டுகளையும் அவர் தரவில்லை. எனவே அவருடைய கூற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஐயம் இயல்பானது. அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தவை காசுகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டஃப்னெல், ராட்ஜர்ஸ் ஆகியோர் இக்காசுகளைக் கவனப்படுத்தினர். தமிழ்க் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட ஹுல்ட்சு 1909இல் அவற்றை வரிசைப்படுத்திக் கட்டுரை எழுதினார். 2001இல் கோரன், கோயங்கா இருவரும் வெளியிட்ட இந்தியச் சுல்தானியக் காசுகள் பற்றிய பெருந்தொகுதி இத்துறையை இன்றைய நிலைக்குக் கொணர்ந்தது.

காசுகள் தரும் செய்தி வியப்பூட்டுகிறது. உதௌஜி ஷாவின் காசில் ஹிஜ்ரி 740. ஃபீரூஸ் ஷா எனும் பட்டப்பெயர் கொண்ட குத்புத்தீனின் காசிலும் ஹிஜ்ரி 740. அடுத்து வந்தவரின் காசில் ஹிஜ்ரி 741. ஹிஜ்ரி 740 என்பது 1339 சூலை முதல் 1340 சூன் வரையிலான காலம். பயணியின் நினைவும் அக்கசாலையின் அச்சும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வரிசையைச் சொல்கின்றன. அஹ்ஸனின் ஐந்தாண்டு ஆட்சியை இந்த 740இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஹிஜ்ரி 735ஐ, அதாவது 1334-35ஐ, அடைகிறோம். சுல்தானியத்தின் தொடக்க ஆண்டு பற்றிய விவாதத்தில் இக்கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு.

நாற்பதே நாட்கள் ஆண்டவருக்கும் காசு இருப்பது சிந்தனைக்குரியது. அரியணை ஏறிய கையோடு புதிய அச்சுகள் வெட்டப்பட்டிருக்கவேண்டும். சந்தையில் காசு தட்டுப்பட்டது என்பதைவிட, இன்னார் சுல்தான் என்று படையினருக்கும் அதிகாரிகளுக்கும் அறிவிப்பதே அவசரமாயிருந்தது. அரண்மனையில் நிலையாமை மிகுந்த அந்நாட்களிலும் அக்கசாலை ஓயாமல் இயங்கியிருக்கிறது. கம்மியர்கள் தங்கள் அச்சை மாற்றிக்கொண்டு அடுத்த பெயரைப் பொறித்தனர்.

கியாதுத்தீனின் காசுகளில் ‘முகம்மது தாம்கான் ஷா’ என்ற பெயர் காணப்படுகிறது. தாம்கான் ஈரானிலுள்ள ஊர். அவரை ‘அத்தாம்கானீ’ என்று பயணி அழைத்தது இதனால் உறுதிப்படுகிறது. முன்னர் தில்லிப் படையில் சாதாரணக் குதிரை வீரராயிருந்த இவர் 1342இல் கண்ணனூர்க் கொப்பத்தில் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரை வென்று, முதியவரான அவரைக் கொன்று, உடலின் தோலை வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதைத் தாம் நேரில் கண்டதாக இப்னு பதூதா கூறுகிறார். அப்போரில் வல்லாளரின் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என்று அவர் தரும் தகவலும் புறக்கணிக்கத்தக்கதன்று. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆயினும் அப்போரில் இரு தரப்பிலும் முஸ்லிம்கள் நின்றனர் என்ற செய்தி, சமயப் போர் என்ற எளிய விளக்கத்துக்குள் அந்நிகழ்ச்சி அடங்காது என்பதைக் காட்டுகிறது.

சிறைப்பட்ட ஆண்களைக் கழுவேற்றியும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றும் கியாதுத்தீன் செய்த கொடுமைகளை இப்னு பதூதா வெறுப்போடு பதிவு செய்கிறார். வேறெந்த அரசரும் செய்து தாம் அறியாத இழிசெயல் இதுவென்றும், இதனாலேயே இறைவன் அவருடைய முடிவை விரைவாக்கினான் என்றும் அவர் எழுதுகிறார். உறவினராகவும் விருந்தினராகவும் இருந்த ஒரு முஸ்லிம் அறிஞரின் சாட்சியம் இது. இதை நாம் மறைக்கவோ மழுப்பவோ தேவையில்லை. உலகுக்கும் மார்க்கத்துக்கும் துணை என்னும் பட்டத்தைக் காசில் தாங்கியவரின் செயலை மார்க்கம் அறிந்த ஒருவரே கண்டித்திருக்கிறார்.

பன்னிரண்டு ஆண்டு மௌனம்

கொள்ளைநோயில் தாயையும் மனைவியையும் மகனையும் இழந்து கியாதுத்தீனும் மறைந்தபின், அவருடைய உடன்பிறந்தார் மகன் நாஸிருத்தீன் ஆட்சிக்கு வந்தார். ‘மஹ்மூத் காஸீ தாம்கான் ஷா’ என்ற பெயருடன் ஹிஜ்ரி 745 (1344-45) ஆண்டிட்ட காசு இவருடையது. அவ்வளவில் இப்னு பதூதா காய்ச்சலுற்று மதுரையை விட்டு நீங்கினார். பயணியின் ஒளி அணைந்தவுடன் காசின் ஒளியும் மங்குகிறது. அடுத்துக் கிடைக்கும் ஆண்டு ஹிஜ்ரி 757 (1356). அப்போது ஷம்சுத்தீன் ஆதில் ஷா என்பவர் சுல்தானாக இருக்கிறார்.

இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்தது என்ன? ஆட்சியே இல்லாமற் போயிற்று என்று முடிவு செய்வோர் உண்டு. காசு கிடைக்காமையைக் கொண்டு ஆட்சி இல்லாமையை நிறுவுதல் நாணயவியல் நெறிக்குப் பொருந்தாது. நாஸிருத்தீனின் ஆட்சி நீடித்திருக்கலாம். பழைய காசுகளே போதுமானவையாக இருந்து புதிய அச்சுகள் வெட்டப்படாதிருக்கலாம். ஆண்டுப் பகுதி தேய்ந்த காசுகளுள் சில அக்காலத்தனவாக இருக்கலாம். விசயநகரம் தெற்கு நோக்கி வளர்ந்த காலமும் இதுவே. எவ்வாறாயினும் 757இல் மீண்டும் தோன்றும் காசுகள் பழைய எழுத்தமைதியையும் பட்ட முறையையும் தொடர்கின்றன. அக்கசாலை மரபு அறுந்துபோகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆதில் ஷாவைத் தொடர்ந்து ஃபக்ருத்தீன் முபாரக் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 761 (1359-60) முதல் கிடைக்கின்றன. இவ்விரு அரசர்களைப் பற்றி நூல்கள் ஏறக்குறைய ஏதும் கூறுவதில்லை. செப்புக் காசுகள் இல்லையேல் இவர்கள் பெயரையே உலகம் அறிந்திராது.

வீழ்ச்சியின் ஆண்டு எது?

காசுகள் எழுப்பும் வினாக்களுள் மிக முக்கியமானது சுல்தானியத்தின் முடிவைப் பற்றியது. விசயநகர இளவரசர் குமாரகம்பணர் மதுரையை வென்று சுல்தானைத் தனிப்போரில் கொன்றதாக அவர் மனைவி கங்காதேவியின் மதுரா விஜயம் பாடுகிறது. கம்பணரின் தளபதி கோபணர் அரங்கநாதர் திருமேனியைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தது சக ஆண்டு 1293, அதாவது 1371 அளவில். ஆகவே அவ்வாண்டுடன் மதுரைச் சுல்தானியம் முடிந்துவிட்டது எனப் பலரும் எழுதிவந்தனர்.

ஆனால் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்னும் சுல்தானின் காசுகளில் ஹிஜ்ரி 779 வரை ஆண்டுகள் காணப்படுகின்றன. ஹிஜ்ரி 779 என்பது 1377 மே முதல் 1378 ஏப்ரல் வரையிலான காலம். திருவரங்க நிகழ்ச்சிக்கு ஆறேழு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு சுல்தான் தம் பெயரில் செம்பைப் பொறித்துக்கொண்டிருக்கிறார். அரியணையிழந்து காட்டில் அலைபவர் ஆண்டுதோறும் காசு வெளியிட இயலாது. அச்சு வெட்டுவோர், உலோகம் உருக்குவோர், காசை வாங்கிப் புழங்கும் ஒரு சந்தை, வரி செலுத்தும் சில ஊர்கள் ஆகியன இருந்தால்தான் காசு வெளிவரும். எனவே கம்பணரின் வெற்றி ஒரே போரில் முடிந்ததன்று. பாண்டி நாட்டின் ஒரு பகுதியேனும் 1378 வரை சுல்தானிடம் இருந்திருக்கவேண்டும் என்று கொள்வதே பொருந்தும். காவியத்தில் கொல்லப்பட்டவர் சிக்கந்தருக்கு முற்பட்ட சுல்தானாக இருக்கலாம் என்ற கருத்தும் இதனால் வலுப்பெறுகிறது. காவியத்தின் நோக்கம் வெற்றியைப் பாடுவது. காசின் ஆண்டைச் செதுக்கிய கம்மியனுக்கு அத்தகைய நோக்கமில்லை.

அதே வேளையில், காசு சொல்லாததை நாம் காசின் வாயில் வைக்கலாகாது. மதுரைக் கோரிப்பாளையம் தர்காவில் அடங்கியிருப்போரை அலாவுத்தீன், ஷம்சுத்தீன் என்ற சுல்தான்களாகவும், திருப்பரங்குன்றம் மலைமீதுள்ள தர்காவைச் சிக்கந்தருடையதாகவும் மக்கள் மரபு போற்றிவருகிறது. கோரிப்பாளையத்தின் நிலக்கொடையை 1573இல் வீரப்ப நாயக்கர் உறுதிசெய்த கல்வெட்டு, அத்தலத்தின் தொன்மைக்கும் நாயக்கரின் நடுநிலைக்கும் சான்றாக நிற்கிறது. பெயர்கள் காசிலுள்ள பெயர்களோடு ஒத்திருப்பது உண்மை. எனினும் ஒரு சுல்தான் எங்கே இறந்தார், எங்கே அடக்கப்பட்டார் என்பதைக் காசு அறியாது. ஆட்சி நடந்ததற்கும் அதன் ஆண்டுக்கும் அது சான்று. அதற்கு மேல் அன்று. இந்த எல்லையை இரு தரப்பாரும் உணர்ந்தால் வீண் பூசல்கள் பல தவிர்க்கப்படும்.

காசு பேசாத மொழி

பாண்டியரின் செப்புக் காசுகளில் கயல்கள் உண்டு. ‘சுந்தரபாண்டியன்’, ‘எல்லாந்தலையானான்’ முதலிய தமிழ் எழுத்துகள் உண்டு. மதுரைச் சந்தையில் உப்பும் வெற்றிலையும் வாங்கியவர் பாண்டியர் காசையும் சுல்தான் காசையும் ஒரே மடியில் முடிந்துகொண்டு சென்றிருப்பார். ஆனால் சுல்தான்களின் காசுகளில் அரபு எழுத்தன்றித் தமிழ் எழுத்தில்லை. அவற்றை வாங்கிய உழவரும் நெசவாளரும் எழுத்தைப் படித்து ஏற்கவில்லை. செம்பின் எடையைக் கையால் உணர்ந்தே ஏற்றிருப்பர்.

இது தவிர்க்க இயலாத மரபும் அன்று. கஸ்னீ மஹ்மூத் லாகூரில் வெளியிட்ட திர்ஹமில் வடமொழி வாசகம் உண்டு. தில்லியின் பல்பன், கியாதுத்தீன் துக்ளக் ஆகியோர் நாகரி எழுத்திலும் தம் பெயரைப் பொறித்தனர். முன்னோடிகள் இருந்தும் மதுரைச் சுல்தான்கள் தமிழை நாடவில்லை. அவர்களுடைய ஆட்சி இறுதிவரை ஒரு படை முகாமின் ஆட்சியாகவே இருந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை. அதே கடற்கரையில் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களோ, பின்னாளில் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் மரபை வளர்த்து, மார்க்க நூல்களையும் இலக்கியங்களையும் படைத்தனர். ஒருவர் எழுத்தில் மற்றொருவர் மொழியை எழுதிய அந்த இணக்கம் மதுரை அக்கசாலைக்குள் நுழையவில்லை.

பட்டாபிராம், ஆவடி, பூவிருந்தவல்லி அடங்கிய தொண்டை நாடு அப்போது சம்புவராயர் வசம் இருந்தது. ‘வீரசம்பன் குளிகை’ என்ற பெயருடைய காசு அவர்கள் காலக் கல்வெட்டுகளில் பேசப்படுகிறது. பின்னர் பதினெட்டாம் நூற்றாண்டில் இதே பகுதி ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டது. நவாபின் சிறு செப்புக் காசுகளில் ‘நவாபு’ என்று தமிழிலேயே பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். நான்கு நூற்றாண்டுகளில் ஏற்பட்ட மாற்றத்தை அந்த மூன்று எழுத்துகள் சொல்லிவிடுகின்றன. மதுரைச் சுல்தானின் காசு மக்களிடம் சென்றது. நவாபின் காசு மக்களிடம் பேசியது.

நமக்குரிய படிப்பினை

இச்சுல்தானியத்தை இரு சாராரும் தத்தம் தேவைக்கேற்பப் பயன்படுத்தி வருகின்றனர். தமிழ் முஸ்லிம்களின் பொற்காலமாக இதைக் காட்டுவோர் ஒருபுறம். தமிழ் முஸ்லிம்கள் அனைவரும் இப்படைத்தலைவர்களின் வழிவந்தோர் என்று குற்றஞ்சாட்டுவோர் மறுபுறம். இரண்டுக்கும் செப்புக் காசு இடம் தரவில்லை. இவ்வாட்சிக்கு முன்பே இங்கிருந்த முஸ்லிம் சமுதாயம் இவ்வாட்சி வீழ்ந்த பின்னும் விசயநகரத்தார், நாயக்கர் காலங்களில் நிலைபெற்று வளர்ந்தது. அதன் வேர் வணிகத்திலும் தமிழிலும் மார்க்கக் கல்வியிலும் இருந்தது, வாளில் இல்லை. இதை உணர்த்தும் ஆவணமாகவே இக்காசுகளை நாம் மதிக்கவேண்டும்.

ஆனால் அந்த ஆவணம் நாளுக்கு நாள் அழிகிறது. வைகை முதலிய ஆறுகளின் மணலில் கிடைத்த பழங்காசுகள், எங்கே, எவற்றோடு கிடைத்தன என்ற குறிப்பின்றியே வணிகர் கைக்கு மாறின. பல பாத்திரக்கடைகளில் எடைக்கு விலைபோய் உருக்கப்பட்டன. பச்சை படிந்த காசைப் புளியும் அமிலமும் இட்டுத் துலக்கும் வழக்கம், எஞ்சிய ஆண்டு எண்ணையும் கரைத்துவிடுகிறது. ஹிஜ்ரி 745க்கும் 757க்கும் இடைப்பட்ட மௌனத்தைக் கலைக்கும் காசு இவ்வாறு துலக்கப்பட்டு மறைந்திருக்கவும் கூடும்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப் பணிக்கிறது. 1851இல் தோன்றிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இவ்வழியில் பெருந்தொகையான காசுகளைப் பெற்றுப் பாதுகாத்துவருகிறது. நம் பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் பழைய வீடுகளின் பெட்டகங்களிலும் இத்தகைய காசுகள் இருக்குமாயின், துலக்காமல், கிடைத்த இடத்தைக் குறித்து, இரு பக்கங்களையும் படமெடுத்து, அறிந்தோரிடம் காட்டுவது நம் கடமையாகும். அரபு எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆலிம்களும் மதரஸா மாணவர்களும் நாணயவியலுக்கு வந்தால் இத்துறை பெரும்பயன் பெறும். தேய்ந்த காசின் விளிம்பில் எஞ்சிய அரபு எண்சொல் ஒன்றைப் படித்தறிய, பல்கலைக்கழகத்தாரைக் காட்டிலும் அவர்களுக்கே தகுதி மிகுதி. காசு வெளியிட்ட அரசர் நீதிமானாயினும் கொடியவராயினும், அவர் விட்டுச்சென்ற சாட்சியத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது வரலாறு கற்போர் ஏற்ற அமானிதம்.